உப்புப் பார்க்கிற உள்ளங்கை

கரண்டி வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறிவிட்டால் கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் மூடிக்கொள்வோம். அக்கா குழம்புச் சட்டிக்குள் கரண்டி நுனியை விட்டு எடுத்து, வலது உள்ளங்கையைக் குழித்து அதில் கொஞ்சம் விடுவாள். ஆவி அடங்கட்டும் என்றுகூடப் பார்க்க மாட்டாள். ஒரே உறிஞ்சு. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை மேலண்ணத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள். அப்புறம் "ம்" என்பாள். அந்த "ம்" வந்தால்தான் சட்டி இறங்கும். வராவிட்டால் கை உப்பு ஜாடிக்குப் போகும். போய்த் திரும்பி, மறுபடியும் உள்ளங்கை, மறுபடியும் உறிஞ்சு.

நான் அப்போது கிருஷ்ணகிரி பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் சூளகிரி தாண்டும்போதே டிரைவருக்கும் எனக்கும் பசி எடுத்துவிடும். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓடு வேய்ந்த கடை. களி, சோறு, கொள்ளு ரசம், அவரைக்காய் காலம் வந்தால் பிதுக்கம்பருப்புக் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. பலகை போட்டு எழுதவெல்லாம் இல்லை. வாசனைதான் பலகை.

அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் அவள் கையால் தின்றவன் பெயர் கேட்காமலா இருந்தாய் என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. மாட்டுச் சந்தைக்கு வருகிற தெலுங்குக்காரன் அவளை அக்கா என்பான். மைசூர்ப் பக்கத்து லாரிக்காரன் அக்கா என்பான். நாங்களும் அக்கா என்போம். எங்கள் ஊர்ப் பக்கம் மூன்று பாஷைக்கும் பொதுவான சொற்கள் சில உண்டு. அதில் ஒன்று அக்கா. இன்னொன்று உப்பு.

அவள் எந்தப் பாஷைக்காரி என்று கேட்டால் அதுவும் சொல்லத் தெரியாது. பேரம் பேசினால் தமிழ். கிண்டல் பண்ணினால் கன்னடம். கோபம் வந்தால் தெலுங்கு. தெலுங்கு அடிக்கடி வரும்.

அந்தக் கடையில் இலையில் உப்பு வைக்கிற வழக்கமே கிடையாது. ஒருமுறை கோலார் பக்கத்து லாரி டிரைவர் ஒருத்தன், மலை மாதிரி ஆள், புதுசு. சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, சொல்ப உப்பு கொடி" என்று கேட்டுவிட்டான். கொஞ்சம் உப்புக் கொடுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். அக்கா அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். அவன் இலையை அப்படியே மடித்து எடுத்தாள்.

"உன் நாக்கு செத்துப்போச்சு. போயி தூங்கு. நாளைக்கு நாக்கக் கழுவிக்கிட்டு வா" என்றாள்.

அவன் பேந்தப் பேந்த விழித்தான். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை, சிரித்தால் எங்கள் இலையும் போய்விடும். ஆனால் பாருங்கள், மறுநாள் அவன் வந்தான். லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அக்கா அவனுக்குக் களியில் ஒரு உருண்டை அதிகம் வைத்தாள். அன்றிலிருந்து அவன் அந்தப் பக்கம் வந்தால் வேறு கடையை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அவள் குணம் அவ்வளவுதான். உலகத்தில் நாக்கு என்று ஒன்று உண்டு, அது தன் வாயில்தான் இருக்கிறது என்று நம்பியவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் லாரியில் ஊர் ஊராகப் போகிறவன், வந்தால் வந்தான். கூட இருந்தது மருமகள்தான். பேரிகை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். மாவாட்டுவது, மசாலா அரைப்பது, களி கிண்டுவது எல்லாம் அவள்தான். கரண்டி மட்டும் கிடையாது.

ஒருநாள் அக்கா பின்பக்கம் விறகுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மருமகள் ரசத்தில் உப்புப் பார்த்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டாள். அக்கா வந்து உள்ளங்கையில் விட்டு உறிஞ்சினாள். கண் மூடவே இல்லை.

"யாரு இதுல கை வச்சது?"

அப்புறம் முழுக்கத் தெலுங்கு. எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதும் போதும் என்றிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ரசம் சரியாகத்தானே இருக்கிறது என்று கோபமாகவும் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் மத்தியானச் சோறு போச்சு. நான் திறக்கவில்லை.

ஒரு சந்தை நாளில்தான் அது நடந்தது. கடை நிறைய ஆள். அக்கா குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்தே பிடரி வலிக்கிறது என்று நெற்றியைக் கந்தலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பொட்டென்று ஒரு சொட்டு ரத்தம் முந்தானையில் விழுந்தது. விரலை அறுத்துக்கொண்டோமோ என்று அவள் கையைப் பார்க்கிறாள். அடுத்த சொட்டு. மூக்கிலிருந்து. மருமகள் "அத்தே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து பிடித்தாள்.

"அக்கா, வா, பஸ்ல ஏறு. பெங்களூர்ல டாக்டரப் பார்க்கலாம்" என்றேன்.

"கொழம்பு கொதிக்குதுடா."

"கொழம்பு மட்டுமா கொதிக்குது? மூஞ்சியக் கண்ணாடில பாரு."

டிரைவரும் நானும் ஆளுக்கொரு கை பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தோம். பஸ் கிளம்புகிறபோதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சட்டிய எறக்கு. உப்புப் பார்த்தாச்சு, நீ ஒண்ணும் போடாத" என்று மருமகளிடம் கத்திக்கொண்டே வந்தாள். மூக்கில் துணியை வைத்துக்கொண்டு கத்தினாள்.

டாக்டர் கன்னடக்காரர், வயசானவர். என் பஸ்ஸில் வந்துபோகிற பழக்கம். அக்காவின் கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தார். "கையை நெரிக்கிறான் பாருடா" என்று அக்கா என்னிடம் தமிழில் சொன்னாள். டாக்டருக்குத் தமிழ் தெரியும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பாதரசம் ஏறி நின்ற இடத்தைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது.

"ரத்தக் கொதிப்பு" என்றார்.

"நாள் பூரா அடுப்பு முன்னாடி நிக்கிறவளுக்குக் கொதிக்காம குளிருமா?" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார். ஒரு வேரிலிருந்து எடுத்த மாத்திரை தருகிறேன், தினமும் போட வேண்டும். தலைவலி நின்றுவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. படுத்தவள் படாரென்று எழுந்திருக்கக் கூடாது, இந்த மாத்திரை தலையைச் சுற்றவைக்கும். உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் நில்லுங்கள். புகையிலையை விடுங்கள். காப்பியைக் குறையுங்கள். அவரவர் கொடுக்கிற நாட்டு மருந்தை இதோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் வேண்டாம். "உப்பு தின்னபேடி அம்மா" என்று முடித்தார். உப்புத் தின்னாதீர்கள் அம்மா.

அக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம், "வேருல செஞ்ச மாத்திரையாமே. அப்ப நம்பலாம்" என்றாள்.

அவளைப் போலப் பத்தியம் காத்த ஆளை நான் பார்த்ததில்லை. நம்மில் பலர் டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வாசலைத் தாண்டியதும் வடை தின்கிறவர்கள். அவள் அப்படி இல்லை. புகையிலைப் பையை அன்றைக்கே அடுப்பில் போட்டாள். எரிகிற நெடியில் கடையே இருமியது. காப்பியை விட்டாள். ஊறுகாய் ஜாடியைத் தூக்கி மருமகள் பக்கம் வைத்தாள். மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, காலையில் அடுப்பு பற்றவைத்த கையோடு வாயில் போட்டாள். மத்தியானம் கொஞ்சம் படுத்து எழுந்திருக்கும்போது கட்டிலில் உட்கார்ந்து, "மாத்திரைக்காரி எழுந்திரிக்கிறேன், எல்லாம் ஒதுங்குங்கடா" என்று அறிவித்துவிட்டு, சுவரைப் பிடித்து மெதுவாக நிற்பாள். நாங்கள் எழுந்து நின்று வழிவிடுவோம். அது ஒரு வேடிக்கை.

தனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் தனிக்குழம்பு வைத்துக்கொண்டாள். ஒரு கல் உப்புக் கிடையாது. உப்பில்லாத களியை உப்பில்லாத குழம்பில் தோய்த்து, மூஞ்சியைச் சுளிக்காமல் விழுங்குவாள். ஒருநாள் ஆசைக்கு நானும் ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்றேன். சாமி, அதைத் தின்பதற்குப் பதிலாகப் பட்டினி கிடக்கலாம்.

"எப்படிக்கா இத முழுங்குற?"

"உசுருடா. உசுருன்னா சும்மாவா" என்றாள்.

ஒரே ஒரு தொந்தரவு, மூக்கு. மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து மூக்கு அடைத்துக்கொண்டது. மாத்திரையின் குணம் அது, பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயம் ஒன்றும் இல்லை. ஆனால் மூக்கு அடைத்தால் ருசி சரியாகப் பிடிபடாது. அதனால் குழம்பு கொதிக்கிறபோது ஒருதரம், இறக்குகிறபோது ஒருதரம் என்று உப்புப் பார்த்தவள், போகும்போதும் வரும்போதும் பார்க்க ஆரம்பித்தாள். நாங்கள் அதைக் கவனித்தோம் என்று சொல்ல மாட்டேன். மூச்சு விடுகிறதை யார் கவனிக்கிறார்கள்?

அடுத்த தடவை பெங்களூர் போனபோது பாதரசம் முன்பு நின்ற இடத்திலேயே போய் நின்றது. டாக்டர் மறுபடியும் காற்றடித்துப் பார்த்தார். மறு கையிலும் பார்த்தார். மாத்திரை போடுகிறீர்களா? போடுகிறேன். புகையிலை? இல்லை. உப்பு? இல்லை. அவர் பட்டையைச் சுருட்டி மேசைமேல் போட்டார்.

"பொய் சொன்னா மாத்திரை கேக்காதம்மா" என்று தமிழிலேயே சொன்னார்.

அக்கா எழுந்து நின்றாள். படாரென்று எழக் கூடாது என்பதெல்லாம் அப்போது மறந்துவிட்டது. தெலுங்கு வரப்போகிறது என்று நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். வரவில்லை. நேரே வெளியே போய்விட்டாள்.

டாக்டர் என்னை நிறுத்தினார். "உங்க அக்காவா?" என்றார். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்வது? "இப்படியே ஏறி நின்னா ஒருநாள் ஒரு பக்கம் விழுந்துடும்பா. கை போகும், கால் போகும், வாய் கோணிக்கும். நிக்கிறது அடுப்பு முன்னாடிங்கிற. நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு டிக்கெட் கிழித்ததில் எனக்குக் கவனமே இல்லை. முன் சீட்டில் அக்கா சேலைத்தலைப்பைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்திபெலே எல்லையில் பஸ் நின்றபோது பக்கத்தில் போனேன். அழுதுகொண்டிருந்தாள்.

"என்னப் பொய்க்காரின்னுட்டான்டா. கல்லுப்பு ஒண்ணு என் சோத்துல பட்டிருந்தா எங்கண்ணு அவிஞ்சுபோவட்டும்."

எனக்கும் கண் கலங்கியது. ஏனென்றால் அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டியில் நானே தின்று பார்த்தவன்.

மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டாள். "கேக்காத மாத்திரைய என்னாத்துக்கு முழுங்கணும்?" என்றாள். பிடரி வலி திரும்ப வந்தது. ஒரு சாமியார் விபூதி கொடுத்தார், ஒருத்தி கஷாயம் கொண்டுவந்தாள். நான் சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். என் திட்டெல்லாம் அவள் திட்டுக்கு முன்னால் எந்த மூலைக்கு? கடைசியில் இலையின்முன் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

"சாப்பிடுடா. பஸ்ஸுக்கு நேரமாவுது."

"நீ மாத்திரை போடு, நான் சாப்பிடறேன்."

"போடா, உனக்குப் பசிச்சா எனக்கென்னா."

அவளுக்கு அது முடியாத காரியம். தன் கடையில் ஒருவன் நிறைந்த இலைக்கு முன்னால் பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளால் ஆகாது. டிரைவர் ஹாரன் அடிக்கிறான். அக்கா அடுப்படிக்குப் போகிறாள், வருகிறாள், என்னை முறைக்கிறாள். கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாத்திரையை வாயில் போட்டுச் சொம்புத் தண்ணீரைக் குடித்து, வாயை ஆவென்று திறந்து காட்டினாள். "தின்னு, சனியனே." ஆறிப்போன களிதான். அன்றைக்கு அது இறங்கின மாதிரி வேறு எதுவும் இறங்கியதில்லை.

மாத்திரை திரும்பியது. ஆனால் பாதரசம் இறங்க வேண்டுமே.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் கை கழுவுகிறேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள் தலையைத் தூக்காமல், "அண்ணா, டாக்டர்கிட்ட ஒண்ணு கேக்கறீங்களா?" என்றாள்.

"என்னாம்மா?"

"உப்புப் பார்க்கலாமான்னு கேளுங்க."

"பார்க்கறதுல என்னா இருக்கு? பார்த்தா..." என்று சிரிக்க ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்படிக்குள்ளிருந்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அட கடவுளே! உப்புப் பார்க்கிறது என்கிறோம். கன்னடத்தில் உப்பு நோடு. தெலுங்கிலும் உப்பு சூடு, அதுவும் பார் என்பதுதான். மூன்று பாஷைக்காரனும் ஒன்று சேர்ந்து, வாயால் செய்கிற காரியத்துக்குக் கண்ணுடைய சொல்லை வைத்திருக்கிறான். டாக்டர் உப்புத் தின்னாதே என்றார். அவள் தின்னவில்லை. பார்த்தாள். விடிந்தது முதல் அடுப்பு அணைகிற வரைக்கும், சட்டி சட்டியாக, உள்ளங்கை உள்ளங்கையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் சொன்னதாச் சொல்லாதீங்கண்ணா" என்றாள் அந்தப் பெண். "கரண்டிக்கு அடிபோடறேன்னு நெனச்சுக்குவாங்க."

"அடிபோடறியா?" நான் கண்டக்டர், வாய் சும்மா இருக்காது.

அவள் தேய்த்த சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "ஆசை இருக்குதுதான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்காவ அத்தை விழணுமா?"

அந்தப் பதிலுக்காகவே அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். "உப்பு பார்க்கலாமா சார்?" அவர் வேறு ஒருத்தர் நாடியைப் பிடித்துக்கொண்டே, "பார்க்கட்டும், ஒரு சொட்டுல என்ன ஆயிடும்?" என்றார். நான் என் பையைக் கீழே வைத்தேன். உள்ளங்கையைக் குழித்து, அக்கா மாதிரியே உறிஞ்சிக் காட்டினேன். கண்ணை மூடி "ம்" சொன்னேன். மறுபடி குழித்தேன். மறுபடி உறிஞ்சினேன். கொள்ளு ரசத்துக்கு இது, குழம்புக்கு இது, கறிக்கு இது, மூக்கடைப்புக்கு இன்னொன்று என்று நான் பாட்டுக்குச் செய்துகொண்டே போனேன். காத்திருந்த நோயாளிகள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். டாக்டர் நாடியை விட்டுவிட்டார்.

"ஓட்டல் நடத்தறாங்கன்னு நீ சொல்லவே இல்லையேப்பா" என்றார். அடுப்பு முன்னாடி நிற்கிறவள் என்றுதான் சொல்லியிருந்தோம். எந்த வீட்டுப் பெண்தான் அடுப்பு முன்னாடி நிற்கவில்லை? அப்புறம் டாக்டர், "அந்தம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. பொய் சொல்லலை அவங்க" என்றார்.

முதலில் மன்னிப்பைச் சொன்னேன். அக்கா முகம் மலர்ந்தது. அப்புறம் மீதியைச் சொன்னேன். மலர்ந்தது அப்படியே கூம்பிவிட்டது.

"பார்க்கிறது தின்னுறதாடா? வவுத்துக்கா போவுது?"

"பின்ன எங்கக்கா போவுது, கிருஷ்ணகிரிக்கா?"

"யாருடா சொன்னது? உனக்கு இதெல்லாம் தோணாது." அவள் பார்வை என்னைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போனது.

நான் வாய் திறப்பதற்குள் மருமகளே உள்ளே வந்தாள். "நான்தான் அத்தே" என்றாள்.

தெலுங்கு வரும் வரும் என்று நான் காத்திருந்தேன். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கடைசில என் கரண்டியப் புடுங்கிட்ட" என்று தமிழில் சொன்னாள். திட்டைவிட அது மோசமாக இருந்தது.

நான் குறுக்கே விழுந்தேன். "அக்கா, புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடறியே, அதுல உப்புப் பார்க்கிறியா?"

"சாமிக்கு எச்சப் பண்ணுவாங்களாடா, மடையா?"

"உப்பு சரியா இருக்குதில்ல?"

"என் கை போட்டா சரியாத்தான் இருக்கும்."

"அப்ப எங்களுக்கும் அந்தக் கையால போடு. எங்களையும் சாமின்னு நெனச்சுக்க."

"உன்னையா?" என்றாள். ஆனால் அந்த யோசனை அவளுக்குப் பிடித்துவிட்டது. யாருக்கும் கரண்டி கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள். அன்றிலிருந்து உள்ளங்கையை மூடிக்கொண்டாள். கை அளவுக்கு உப்புப் போடுவது, அவ்வளவுதான். சில நாள் நன்றாகத்தான் போனது. ஆனால் அவளுக்குத்தான் நிம்மதி இல்லை. சட்டியை இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

அடுத்த சந்தை நாள் கூட்டத்தில், போட்டோமா இல்லையா என்கிற சந்தேகத்தில், குழம்புக்கு இரண்டாம் தரம் உப்புப் போட்டுவிட்டாள்.

முதல் வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது. நான் டிரைவரைப் பார்த்தேன், டிரைவர் என்னைப் பார்த்தான். அந்தக் கடையில் உப்பைப்பற்றிப் பேச எவனுக்குத் தைரியம்? ஆளாளுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் தின்றோம். கோலார்க்காரனும் அன்றைக்கு இருந்தான். அவன்தான் பாவம், ஒரு தப்பும் பேசாமல், "மோர் கொடி அக்கா" என்றான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மோர். மறுபடியும்.

மூன்றாவது மோரோடு அக்கா அவன் எதிரில் நின்றாள். அவன் இலையைப் பார்த்தாள். எங்கள் இலைகளைப் பார்த்தாள். எல்லாருடைய குழம்பும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. மோரை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லவே இல்லயேடா ஒருத்தனும்" என்றாள். கோலார்க்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லாரும் போன பிறகு என்னிடம் கேட்டாள்: "பார்த்தா உசுரு போவுமாம். பார்க்காட்டிக் கடை போவுது. இந்த நாக்கு இல்லேன்னா நான் யாருடா?" நான் இரண்டு மாநிலத்துக்கும் டிக்கெட் கொடுக்கிறவன். என்னால் ஆனது, அந்த இலைகளை எடுத்துப் போட்டதுதான்.

மறுநாள் நாங்கள் போனபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா அடுப்புக்கு எதிரே மணையில் உட்கார்ந்திருந்தாள். "ஏய், இங்க வா" என்று மருமகளைக் கூப்பிட்டாள். கரண்டியை நீட்டினாள்.

அந்தப் பெண் வாங்கவில்லை. அப்படியே நின்றாள்.

"புடி. கையி நோவுது."

வாங்கினாள். கரண்டியை இடக்கைக்கு மாற்றினாள். கடையில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக்கொண்டு, சுட்டும் உதறாமல் உறிஞ்சினாள். அக்கா வைத்த கண் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்குதுங்க அத்தே."

"பொய்யி. கம்மியா இருக்குது."

"இல்ல அத்தே..."

"எங்கிட்டயே மறைக்கிறியா? முழுங்கறதுக்கு முன்னாடி ஒரு யோசன யோசிச்ச பாரு, அங்கயே தெரிஞ்சுபோச்சு." அக்கா கையை நீட்டி ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் குழம்பில் போட்டாள். "இப்ப பாரு."

பெண் மறுபடியும் உறிஞ்சினாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அக்காதான் சொன்னாள், "ம்" என்று.

குழம்பு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? கோலார்க்காரன் மோரே கேட்கவில்லை.

சில மாதம் கழித்து மூன்று பேருமாகப் பெங்களூர் போனோம். கடையை அன்றைக்கு மூடிவிட்டு மருமகளையும் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள் அக்கா. டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறியது, இறங்கியது, நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவர் மறுபடியும் ஒருதரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றார். பிறகு, பழைய ஞாபகத்தில், கொஞ்சம் பயத்தோடு கேட்டார்:

"ஈகலூ உப்பு நோடுத்தீரா அம்மா?" இன்னும் உப்புப் பார்க்கிறீர்களா?

"நோடுத்தீனி சாமி. தெனமும் பார்க்கிறேன்" என்றாள் அக்கா.

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். அக்கா அவசரமே இல்லாமல் திரும்பி, பின்னால் நின்ற மருமகளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"இவ மூஞ்சில பார்க்கிறேன்."

அந்தப் பெண்ணுக்கு வெட்கம் தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அவள் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"குனியாதடி. எனக்குத் தெரியணும்ல."